‘ங்கா’வுக்கு ஒரு பதில்

காலை நீட்டி உட்கார்ந்து, மூன்று மாதப் பேத்தியைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்க்கிறார் பாட்டி. “ங்கா” என்கிறது குழந்தை. “அப்படியா! அம்மா திட்டினாளா? அப்புறம்?” என்று கேட்டுவிட்டு அதன் முகத்தையே பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ங்கா”. பேச்சு கற்பிப்பதாகப் பாட்டியிடம் சொன்னால் சிரிப்பார். நடப்பது அதுதான். அதிலும் பதிலுக்காக அவர் காத்திருக்கிறாரே, அந்த இரண்டு மூன்று விநாடிக்குத்தான் மதிப்பு அதிகம்.

காது முந்திக்கொள்கிறது

பிறந்த சில நாட்களிலேயே குழந்தைக்குத் தாயின் குரல் தனியாகத் தெரியும். ஜப்பானியப் பெரியவர்கள் ஆங்கிலத்தில் ‘ர’, ‘ல’ ஒலிகளைப் பிரித்தறியத் திணறுவார்கள். அவர்கள் வீட்டு ஏழு மாதக் குழந்தை திணறாது. ஒரு வயதை நெருங்கும்போதுதான் வீட்டில் புழங்காத ஒலிகள் பிடிபடாமல் போகத் தொடங்குகின்றன.

டிவியால் ஏன் பேச்சு கற்பிக்க முடியவில்லை?

அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகள் விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்கள், அதே பேச்சு. ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை பேசும், குழந்தை பார்த்த பக்கம் திரும்பாது, அதன் “ங்கா”வுக்கு நிற்காது. செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டும்போது வயிறு நிறையலாம், பேச்சு நடப்பதில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிவுரையும்.

மம்மு, ஜோஜோ பேசலாமா?

தாராளமாக. குரலை உயர்த்தி, இழுத்து, கொஞ்சிப் பேசினால் குழந்தை கூர்ந்து கேட்கும். அது காக்காயைக் காட்டினால் காக்காயைப் பற்றியே பேசுங்கள். “தண்ணி” என்று சொல்ல வாயெடுக்கும்போதே டம்ளரை நீட்டிவிடாதீர்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகாது.

எப்போது டாக்டரிடம் போவது?

ஒரு வயதில் ‘பாபா, தாதா’ என்ற மழலையோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் “அம்மா வா” என இரு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதிலும் உடனே காட்டுங்கள். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்ற சமாதானத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு வருடம் வீணாகிறது. முதலில் பார்க்க வேண்டியது காது. குழந்தை தூங்கும்போதே காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முதல்கட்டப் பரிசோதனையை முடித்துவிடலாம். பிறந்த சில நாட்களிலேயே செய்யலாம்.