செங்கல்பட்டு தந்த விடைகள்

ஒரு நாட்டில் பலன் தந்த மருந்து எல்லா நாட்டு மக்களுக்கும் அதே அளவில் பலன் தரும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வுகளில் மிகப் பெரிய ஒன்று, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமங்களில் நடந்தது. இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் யாவும் 1997 வரை அந்த ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. திருமணியின் தொழுநோய் மருத்துவமனை, செய்யூர் வட்டத்துச் சூணாம்பேடு, பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரியின் ஆய்வுக்கூடங்கள் என்று நீளும் இந்நிலப்பரப்பில் தொழுநோய், காசநோய், நீரிழிவு ஆகிய மூன்று நோய்களைப் பற்றியும் நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, சான்று என்பது எந்த மக்களிடம் தேடப்பட்டது என்ற கேள்வி எத்தனை முக்கியமானது என்பது புலப்படும்.

காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இரு அறிவியலாளர்களால் உருவாக்கப்பட்டு, 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குத் தரப்பட்டது. பிரிட்டனில் 1950இல் தொடங்கி, பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட சோதனையில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் காசநோய் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த சோதனையிலோ பலன் மிகச் சொற்பமாகவே இருந்தது. இந்த முரண்பாடு தீராத நிலையிலேயே இந்தியாவில் பிசிஜி இயக்கம் பரவியது. 1955இல் ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். எதிர்ப்பவர்களிடமும் ஆதரிப்பவர்களிடமும் அப்போது உறுதியான இந்தியச் சான்று எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவை இணைந்து 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கின. ஆய்வுப் பகுதியின் பெரும்பகுதி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தாலும், உலக மருத்துவ நூல்களில் அது இன்றும் செங்கல்பட்டு ஆய்வு என்றே வழங்குகிறது.

அந்த ஆய்வின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் அதன் வலிமை முழுவதும் அமைப்பிலேயே இருக்கிறது. கைக்குழந்தை முதல் முதியவர் வரை மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்யப்பட்டு, அவர்களில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு 1971க்குள் ஊசி போடப்பட்டது. ஒருவருக்கு முழு அளவு பிசிஜி, இன்னொருவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மற்றொருவருக்கு மருந்தே இல்லாத வெறும் கரைசல் என்று பிரிக்கப்பட்டது. யாருக்கு எது என்பதை மருத்துவரோ ஊர்த் தலைவரோ தீர்மானிக்காமல், குலுக்கல் போன்ற ஒரு முறையே தீர்மானித்தது. மருந்து போலவே தோற்றமளித்து மருந்து ஏதும் இல்லாத அந்தக் கரைசலை மருந்துப்போலி என்பர். சத்தான உணவு உண்பவர்கள், காற்றோட்டமான வீட்டில் வாழ்பவர்கள், நோயாளிக்கு அருகில் படுத்துறங்குபவர்கள் என்று மனிதர்களுக்கிடையே உள்ள ஆயிரம் வேறுபாடுகளும் குலுக்கலில் மூன்று குழுக்களுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுவிடுவதால், பின்னாளில் குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாட்டுக்குத் தடுப்பூசி ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியும். இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவினர் மீண்டும் ஊர் ஊராகச் சென்று மார்பு எக்ஸ்ரே எடுத்தனர். ஐயத்துக்கு இடமானவர்களின் சளியைச் சோதனைக்கு அனுப்பினர்.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1979இல் வெளியான முதல் அறிக்கை மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது: நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி பெற்றவர்களுக்கும் மருந்துப்போலி பெற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு எதுவும் இல்லை. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முழு முடிவு 1999இல் வெளிவந்தபோதும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே உறுதியானது. குழந்தைகளிடம் 27 விழுக்காடு அளவுக்குப் பாதுகாப்பு தெரிந்தாலும், தற்செயலாலும் அந்த அளவு வேறுபாடு ஏற்பட்டிருக்கக்கூடும் என்ற நிலையே இருந்தது.

இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள் பல. தென்னிந்திய மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமிக்கு உறவான, ஆனால் பொதுவாக நோய் விளைவிக்காத மைக்கோபாக்டீரியங்கள் நிறைந்திருக்கின்றன. அவை குழந்தைப் பருவத்திலேயே உடலைப் பழக்கிவிடுவதால், பின்னர் போடும் ஊசிக்குப் புதிதாகச் செய்ய அதிகம் இல்லாமற்போகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வெப்பமண்டல நாடுகளில் பிசிஜியின் பலன் குறைவதும், பூமத்தியரேகையை விட்டு விலகிச் செல்லச் செல்ல அது கூடுவதும் பிற்காலத்துத் தொகுப்பாய்வுகளில் தெரிந்தது. தடுப்பூசி வீண் என்பது இதன் பொருள் அன்று: மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோய், உடல் முழுதும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வகைகளிலிருந்து பச்சிளங்குழந்தைகளை அது காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் நல்ல சான்று உண்டு, அதனாலேயே இன்றும் பிறந்தவுடன் குழந்தையின் இடது தோளில் அந்த ஊசி போடப்படுகிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசியால் ஒழித்துவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் செங்கல்பட்டு முறியடித்தது. எதிர்பார்த்தது பொய்த்ததை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களின் நேர்மையும், பதினைந்து ஆண்டுகள் மார்பைக் காட்டிச் சளியைக் கொடுத்த அந்த மக்களின் பொறுமையும் இந்திய மருத்துவத்தின் பெரும் பேறுகள் என்று சொல்வது மிகையாகாது.

அதே மக்களிடம் தொழுநோயையும் கவனித்தபோது வேறொரு முடிவு தெரிந்தது: காசநோயைத் தடுக்காத அதே பிசிஜி, தொழுநோயை ஏறத்தாழக் கால் பங்கு குறைத்திருந்தது. தொழுநோய்க் கிருமி காசநோய்க் கிருமியின் உறவினம் என்பதால் இதில் வியப்பில்லை. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்த தொழுநோய் நிலையம், தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் போன்றோர் பணியாற்றிய இடம். அது 1955இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. தென்னிந்தியாவில் 1990களில் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரிடம் நான்கு தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்ட ஆய்வு, பிசிஜியுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்துத் தந்தபோது 64 விழுக்காடு பாதுகாப்பும், பிசிஜி மட்டும் தந்தபோது 34 விழுக்காடு பாதுகாப்பும் கிடைத்ததைக் காட்டியது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் விரைந்து குறைந்துவந்த காலத்தில் அந்த முடிவு வெளிவந்ததால், அது பெற்றிருக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

தொற்றாநோய்களுக்கு வரும்போது கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள், அதாவது இரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடுதலாகவும் நீரிழிவு என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகவும் உள்ளவர்கள், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டால் நோய் வருவது 58 விழுக்காடு குறையும் என்று 2002இல் அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவியது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் குறைவு 28.5 விழுக்காடாக இருந்தது. இதைவிடக் கவலை தரும் செய்தி ஒப்பீட்டுக் குழுவில் இருந்தது. வழக்கமான அறிவுரைக்கு மேல் எதுவும் பெறாத சென்னைவாசிகளில் 55 விழுக்காட்டினர் மூன்றே ஆண்டுகளில் நீரிழிவு நோயாளிகள் ஆனார்கள். அமெரிக்காவில் அந்த அளவு 30 விழுக்காட்டை எட்டவில்லை. இத்தனைக்கும் அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் மிகுந்த உடற்பருமன் உடையவர்கள்; சென்னையில் இருந்தவர்கள் பார்வைக்குச் சற்றே பூசினாற்போல் இருந்தவர்கள், அவ்வளவுதான். மெட்ஃபார்மின் மாத்திரையை அமெரிக்காவில் 850 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை தந்தார்கள். சென்னையில் 250 மில்லிகிராம் வீதம் இருமுறை தந்ததே 26.4 விழுக்காடு பலனைத் தந்தது. மெலிந்த உடலிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், இன்சுலின் சுரக்கும் திறன் விரைவில் குன்றுவதும் இந்தியர்களிடம் அதிகம் என்பதால், இன்னொரு நாட்டின் எடை அளவுகோலையும் மருந்தளவையும் அப்படியே இங்கே கொண்டுவந்தால், ஆபத்தில் இருப்பவர்கள் பலர் கண்ணில் படாமலே போவார்கள்.

நகரத்தில் கண்டறிந்த உண்மையைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சி சூணாம்பேட்டில் நடந்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, உலக நீரிழிவு அறக்கட்டளையின் நிதியுதவியோடும் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடும், 42 கிராமங்களுக்கு ஒரு மருத்துவ வேனை அனுப்பியது. வேனுக்குள் இசிஜி கருவி இருந்தது. விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா இருந்தது. கால் பெருவிரலில் வைத்தால் அதிர்ந்து, அந்த அதிர்வை நோயாளி எப்போது உணர்கிறார் என்பதைக் கொண்டு நரம்பு பழுதாகியிருக்கிறதா என்று காட்டும் கருவியும் இருந்தது. விழித்திரைப் படம் செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவரிடம் போய்ச் சேரும். கண் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறும் தேவை இருக்காது. அப்பகுதியில் வயதுவந்தோரில் 86.5 விழுக்காட்டினர், அதாவது 23,449 பேர், சோதிக்கப்பட்டனர். அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 14.5 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. நோயாளிகளில் இருபதில் ஒருவருக்கும் குறைவானவர்களே சென்னைக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தது. மற்றவர்கள் ஊரிலேயே சிகிச்சை பெற்றார்கள். கிராமத்துக்கு மருத்துவம் போய்ச் சேராததற்குத் தூரத்தைக் காரணம் சொல்லும் வழக்கத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வுக்கூடங்கள் சிறுசேரியிலும் இயங்குகின்றன. அக்குழுவினரின் அண்மை ஆய்வொன்று சமையலறையையே களமாகக் கொண்டது. எண்ணெயில் பொரிக்கும்போதும் நெருப்பில் வாட்டும்போதும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து ஒருவகைக் கூட்டுப்பொருள்கள் உருவாகின்றன. பொரித்த பண்டம் பொன்னிறமாவதற்குக் காரணமான வேதிவினையின் விளைபொருள்கள் அவை. எடை கூடிய 38 பேரிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், பொரித்தவற்றைக் குறைத்து வேகவைத்தும் ஆவியில் அவித்தும் சமைத்த உணவை உண்டவர்களின் உடலில் இன்சுலின் மேம்பட்டுச் செயல்பட்டது. முடிவு ஊக்கம் தருகிறது. எனினும் 38 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, 12 வாரம் என்பது குறுகிய காலம். இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் இதை நற்சான்றாக எடுத்துக்கொண்டு அரிசியை அளவின்றி உண்பது ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கொள்வதாகும்.

காசநோயும் உணவும் பற்றிய ஆய்வுக் கதை இன்னும் நுட்பமானது. சென்னையில் 1956இல் தொடங்கி 193 நோயாளிகளிடம் நடந்த சோதனை, மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டில் இருந்தபடியே பெறும் சிகிச்சை, நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையானது என்று காட்டி, உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. அதிலிருந்து உணவு முக்கியமன்று என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் ஜார்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது: நோயாளியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நல்ல உணவு கிடைத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் பெற்ற குடும்பங்களில், காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. எந்தத் தடுப்பூசியாலும் பெரியவர்களிடம் உறுதியாகப் பெற முடியாத பலனை ரேஷன் கடைப் பொருள்கள் தந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே கவனத்தின் தொடர்ச்சியே: புதிதாக நோய் கண்டறியப்பட்டவரின் எடை மிகக் குறைவா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று உடனே பார்த்து, ஆபத்தில் உள்ளவரை மருத்துவமனையில் சேர்ப்பதே அதன் சாரம்.

எம்72 என்ற புதிய காசநோய்த் தடுப்பூசியின் இறுதிக்கட்டச் சோதனை, தென் ஆப்பிரிக்கா, கென்யா, இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளில் சுமார் 20,000 பேரிடம் 2024 முதல் நடந்து வருகிறது. உலகிலேயே காசநோயாளிகள் மிகுந்த இந்தியா அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை. அதன் முடிவு நல்லதாக வந்தாலும், அந்த ஊசி தென்னிந்திய மண்ணில் என்ன செய்யும் என்பதைத் தென்னிந்தியர்களிடம் சோதித்த பின்பே சொல்ல முடியும்; அதற்கான ஆய்வை இப்போதே திட்டமிடத் தொடங்கினால்தான், ஊசி சந்தைக்கு வரும் நாளில் விடையும் கையில் இருக்கும்.