மலாவி: எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது

மழையில்லாத காலம் என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். மலாவிக்குப் பயணம் திட்டமிடும்போது முதலில் விட வேண்டியது இந்த நினைப்பை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், கடற்கரையே இல்லாத நாடு அது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. மே முதல் அக்டோபர் வரை வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஆனால் அந்த ஆறு மாதங்களில் முதல் பாதி அங்கே குளிர்காலம். ஜூலையில் வடக்கே நியிகா மேட்டுநிலத்தில் இரவு உறைபனி விழும். அக்டோபரில் தெற்கே ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும். இரண்டும் ஒரே 'மழையில்லாக் காலம்'தான். அதனால் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற மாதத்தைத் தேடுவதே சரி.

மே மாதக் கடைசியும் ஜூனும் மலைகளுக்கு உரியவை. மழை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருக்கும். புல் பச்சையாக இருக்கும், காற்றில் தூசி இருக்காது, மண்சாலைகளும் காய்ந்திருக்கும். இதில் மே மாதக் கடைசி நம் பள்ளி விடுமுறையோடும் ஒத்துப்போகும். நியிகா 2,000 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் புல்வெளி. வரிக்குதிரைகளும் மான் கூட்டங்களும் மேயும் இடம். நடந்தும் பார்க்கலாம். கம்பளிச் சட்டையும் தலைக்குக் குல்லாவும் இல்லாமல் அங்கே போகக் கூடாது. தெற்கே முலஞ்சே மலை 3,002 மீட்டர் உயரம். 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மேலே மரக்குடில்களில் தங்கி, இரண்டு மூன்று நாள் நடக்கலாம். ஆனால் குளிர்மாதங்களில் சிபெரோனி என்று உள்ளூர் மக்கள் அழைக்கும் மூடுபனித் தூறல் தென்கிழக்கிலிருந்து வந்து, மலையை நாள்கணக்கில் மறைத்துவிடுவதுண்டு. முலஞ்சேக்குப் போகிறவர்கள் கையில் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏரிக்கு வருவோம். நாட்டின் கிழக்கு ஓரத்தின் பெரும்பகுதியில் வடக்கு தெற்காகக் கிடக்கும் மலாவி ஏரியின் நீளம் சுமார் 580 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 700 மீட்டர். உலகில் வேறெந்த ஏரியிலும் இத்தனை வகை மீன் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை இந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. கரையோரப் பாறைகளில் வாழும் சிறு மீன்களை 'ம்புனா' என்கிறார்கள். நீலம், மஞ்சள், கறுப்பு வரி என்று ஒரு பாறைத்திட்டில் ஒரு நிறம், அடுத்த திட்டில் வேறு நிறம். இடையில் மணல்வெளி இருந்தால் இந்த மீன்கள் அதைக் கடந்து போவதில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்துப் பாறைகளில் தனித்தனி இனங்களாகவே பிரிந்து வளர்ந்திருக்கின்றன. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ வண்ணமீன் கடைத் தொட்டியில் 'சிக்லிட்' என்று விற்கும் மீன்களில் பலவற்றின் மூதாதையர் இந்த ஏரியிலிருந்து போனவர்கள். அவற்றைச் சொந்தப் பாறைகளில் பார்க்க ஏற்ற இடம் தென்கரையில் உள்ள கேப் மக்ளியர். 1984-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலாவி ஏரி தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. ஒரு முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். முழங்கால் ஆழத்திலேயே காட்சி தொடங்கிவிடும்.

இங்கே மாதம் முக்கியம். மே முதல் ஆகஸ்டு வரை ம்வேரா என்னும் தென்கிழக்குக் காற்று வீசும். ஏரியின் நீளவாக்கில் தடையின்றி ஓடிவரும் காற்று என்பதால் அலை பெரிதாக எழும். சில நாட்கள் மீனவர்களே படகை இறக்குவதில்லை. உள்ளூர்ப் படகோட்டி 'இன்று வேண்டாம்' என்றால் பேரம் பேசாதீர்கள். செப்டம்பரில் காற்று தணியத் தொடங்கும். நீர் தெளிந்து வெதுவெதுப்பாகும். லிகோமா தீவுக்குப் போக நினைப்பவர்களுக்கும் அதுவே நல்ல நேரம். மொசாம்பிக்கின் நீர்ப்பரப்புக்கு நடுவே இருந்தாலும் மலாவிக்குச் சொந்தமான தீவு அது. 1903-இல் கட்டத் தொடங்கிய பெரிய ஆங்கிலிக்கன் பேராலயம் அங்கே நிற்கிறது. 1951 முதல் ஏரியில் ஓடும் 'இலாலா' கப்பல் புகழ்பெற்றது. ஆனால் பழுதுபார்க்க நிறுத்திவிடுவதும் உண்டு. அதை மட்டும் நம்பித் திரும்பும் விமானத்துக்குச் சீட்டெடுக்க வேண்டாம்.

விலங்குகளுக்கு செப்டம்பரும் அக்டோபரும். குட்டைகள் வற்றிவிடுவதால் லிவோண்டே தேசியப் பூங்காவில் யானைகள் ஷிரே ஆற்றங்கரைக்கு வந்தாக வேண்டும். புதர்களில் இலையும் உதிர்ந்திருக்கும். படகில் இருந்தபடியே யானை, நீர்யானை, முதலை மூன்றையும் பார்க்கலாம். இந்தக் காட்சி தானாக வந்ததல்ல. வேட்டையாலும் கம்பிக் கண்ணிகளாலும் சீரழிந்துகொண்டிருந்த பூங்காவை 2015-இல் 'ஆப்பிரிக்கன் பார்க்ஸ்' அமைப்பு அரசோடு சேர்ந்து பொறுப்பேற்றது. 2016, 2017 ஆண்டுகளில் லிவோண்டேயிலிருந்தும் மஜேட்டேயிலிருந்தும் 500 யானைகளை லாரிகளில் ஏற்றி, யானைகள் அருகிப்போயிருந்த ங்கோட்டகோட்டா காட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2017-இல் சிவிங்கிப்புலிகளையும் அடுத்த ஆண்டு சிங்கங்களையும் லிவோண்டேக்கே கொண்டுவந்து விட்டார்கள். நாம் கட்டும் நுழைவுக் கட்டணம் இந்த வேலைக்குப் போகிறது என்பதற்காகவே அங்கே இரண்டு இரவு தங்கலாம். ஒரு குறை: அந்த மாதங்களில் வயல்களிலும் காடுகளிலும் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். புகைமூட்டத்தில் தொலைதூர மலைகள் மங்கிவிடும்.

ஒரே ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு நாள் போக முடிகிறவர் என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி என்பேன். தலைநகர் லிலோங்வேயில் இறங்கி, கேப் மக்ளியர், லிவோண்டே, சோம்பா மலை என்று தெற்கே போய், பிளாண்டயரிலிருந்து விமானம் ஏறுவது அலைச்சல் குறைந்த வழி. நியிகாவை இதோடு சேர்க்காதீர்கள். லிலோங்வேயிலிருந்து அங்கே போகவே ஒரு முழு நாள் ஆகும்.

வண்டியை ஓட்டுநரோடு அமர்த்திக்கொள்வது நல்லது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அண்மை ஆண்டுகளில் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை நிற்பது வழக்கமாகிவிட்டது. எரிபொருள் யார் பொறுப்பு என்பதைப் புறப்படுமுன் பேசிவிடுங்கள். நகரத்துக்கு வெளியே அட்டை செல்லும் இடங்கள் குறைவு. கையில் கொஞ்சம் புது டாலர் நோட்டுகளும் உள்ளூர்ப் பணமான குவாச்சாவும் வேண்டும். சைவம் உண்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். மக்காச்சோள மாவில் நம் களி போலக் கெட்டியாகக் கிண்டும் 'ந்சிமா'வுக்கு அவரையும் பூசணிக்கீரையும் தொடுகறியாக உண்டு. மீன் உண்பவர்கள் 'சாம்போ' கேளுங்கள்.

விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறியிருப்பதால், சீட்டெடுக்கும் முன் மலாவி குடிவரவுத் துறையின் தளத்தைப் பாருங்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போவோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படலாம். திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. மலேரியா குளிர்மாதங்களிலும் உண்டு. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

ஏரியில் இறங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியது பில்ஹார்சியா. கரையோர நத்தைகளிலிருந்து வெளிப்படும் நுண்புழு தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். நத்தை தின்னும் மீன்களைக் கரையோரம் அளவுக்கு மீறிப் பிடித்ததால் நத்தை பெருகி, நோயும் பெருகியது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாணல் மண்டிய, நீர் தேங்கிய கரைகளைத் தவிர்த்து, படகில் உள்ளே போய் ஆழமான இடத்தில் நீந்தினால் ஆபத்து குறையும், அடியோடு போகாது. இதற்குப் பிராசிக்வான்டல் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வளர்ந்த புழுவைத்தான் அது கொல்லும். ஊர் திரும்பிய உடனே விழுங்கினால் பயன் குறைவு. கடைசியாக ஏரியில் இறங்கி ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகு மருத்துவரைப் பார்த்து, இன்ன நாளில் மலாவி ஏரியில் நீந்தினேன் என்று சொல்லிச் சோதித்துக்கொள்ளுங்கள்.