பொதுப் பூங்காக்களின் தரையமைப்பும் கட்டுமானப் பொருள்களும்

பூங்கா, நினைவிடம், நகரச் சதுக்கம் போன்ற பொது இடங்களில் நடைபாதை, வாகன நிறுத்துமிடம், புல்வெளி, வடிகால் ஆகியவற்றை எந்தப் பொருளால், எவ்வளவு சரிவில் அமைப்பது என்ற திட்டமே தரையமைப்பு எனப்படும். இத்தகைய இடங்களில் தூண்களும் சிலைகளும் எளிதில் கண்ணில் படுகின்றன. ஆனால் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்குமா, வெளியே வழிந்தோடுமா என்பதைத் தரையே தீர்மானிக்கிறது. ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்துள்ள பிள்ளைப்பாக்கம் போன்ற பகுதிகளில் இது வெள்ளத்தோடும் குடிநீரோடும் நேரடித் தொடர்புடையது.

பிள்ளைப்பாக்கமும் நீர்வழியும்

பிள்ளைப்பாக்கம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் அமைந்துள்ளது. இங்கு சிப்காட் தொழிற்பூங்கா உள்ளது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஆகிய ஏரிகள் நிரம்பினால் அவற்றின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடைகிறது. சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி ஆகும். அதிலிருந்து திறக்கப்படும் உபரிநீர் அடையாற்றின் வழியே கடலில் கலக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம், மேல்பகுதி ஏரிகளுக்கும் கீழ்ப்பகுதி நகரத்துக்கும் உள்ள தொடர்பை உணர்த்தியது.

ஓர் ஏக்கரின் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் நீர் சேரும். கான்கிரீட் தரையில் விழும் மழையில் 90 விழுக்காடு வழிந்தோடுவதாகக் கொண்டால், 3.6 லட்சம் லிட்டர் வெளியேறும். நீரை உள்வாங்கும் மண் கொண்ட புல்வெளியில் 20 விழுக்காடு வழிந்தோடுவதாகக் கொண்டால், வெளியேறுவது 80,000 லிட்டர் மட்டுமே. மண்ணின் தன்மை, சரிவு, மழையின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவுகள் மாறும்.

தரைப் பொருள்கள்

கருங்கல்: தேய்மானம் குறைவு, நீண்ட காலம் உழைக்கும். கல் நீரை உறிஞ்சாததால், கற்களுக்கு இடையில் விடப்படும் இடைவெளியே நீர் இறங்கும் வழியாகும்.

பேவர் பிளாக்: மணல் படுகையின்மேல் பதித்தால் இணைப்புகள் வழியே ஓரளவு நீர் இறங்கும். அடியில் கான்கிரீட் இட்டு, இணைப்புகளையும் சிமெண்ட் கலவையால் அடைத்தால், அதே பிளாக் நீர் புகாத தரையாகிவிடும்.

நீர்புகும் கான்கிரீட்: மணல் சேர்க்காமலோ மிகக் குறைவாகச் சேர்த்தோ, ஜல்லியையும் சிமெண்டையும் கொண்டு தயாரிக்கப்படுகிறது. இதில் பொதுவாக 15 முதல் 25 விழுக்காடு வரை வெற்றிடம் இருக்கும். வழக்கமான கான்கிரீட்டைவிட வலிமை குறைவு என்பதால் நடைபாதைக்கும் சிறு வாகன நிறுத்துமிடத்துக்கும் ஏற்றது. கனரக லாரிகள் செல்லும் பாதைக்கு ஏற்றதன்று. துளைகளில் தூசி அடைவதால் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

சரளைக்கல், புல்: செலவு குறைவு, நீர் எளிதில் இறங்கும். ஆனால் சக்கர நாற்காலியில் வருவோருக்குச் சரளைப் பாதை கடினமானது. எனவே முதன்மைப் பாதையைச் சமதளமாக அமைத்து, மற்ற இடங்களில் இவற்றைப் பயன்படுத்துவது நல்லது.

எடுத்துக்காட்டுகள்

பிள்ளைப்பாக்கத்துக்கு அருகில் உள்ள பெயர்பெற்ற நினைவிடம், ஸ்ரீபெரும்புதூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ராஜீவ் காந்தி நினைவகம் ஆகும். கட்டடக் கலைஞர் கே. டி. ரவீந்திரன் வடிவமைத்த இது, 2003 அக்டோபர் 10 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்துவைக்கப்பட்டது. பெரிய மண்டபம் எதுவும் இதன் மையமாக இல்லை. தோட்டம் சூழ்ந்த திறந்தவெளியில் நிற்கும் ஏழு தூண்களே இதன் அடையாளம். ஒரு நினைவுச்சின்னம் தன் நிலம் முழுவதையும் கட்டடத்தால் மூட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இதே நீர்வழியின் கடைசியில், அடையாற்றின் முகத்துவாரப் பகுதியில் உள்ளது தொல்காப்பியப் பூங்கா. கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டுச் சீரழிந்த 58 ஏக்கர் ஈரநிலம், நீர்நிலைகளும் உள்ளூர் மரவகைகளும் கொண்டதாக மீட்கப்பட்டு, 2011-இல் திறக்கப்பட்டது. இங்கு கட்டுவதற்கு முன் அகற்றுவதே முதல் பணியாக இருந்தது.

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில், காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாய் உடைக்கப்பட்டு, வளைந்தோடும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. 2012-இல் திறக்கப்பட்ட இப்பூங்காவில், உடைத்த கான்கிரீட்டின் ஒரு பகுதியைக் கொண்டே சிறு குன்று ஒன்று அமைக்கப்பட்டது.

வரம்புகள்

நீர்புகும் தரை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. களிமண் நிலத்தில் நீர் மெதுவாகவே இறங்கும். அங்கு தரைக்கு அடியில் ஜல்லிப் படுகையும் வடிகுழாயும் தேவை. எண்ணெயோ வேதிப்பொருளோ சிந்தக்கூடிய தொழிற்சாலை முற்றத்தில் நீரை நேரடியாக மண்ணுக்குள் விட்டால் நிலத்தடி நீர் மாசடையும். அத்தகைய இடங்களில் நீரைத் தனியே சேகரித்துச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும். எனவே மண் பரிசோதனை, நிலத்தின் சரிவு, உபரிநீர் சென்று சேரும் ஏரி ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே தரைக்கான பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.