ஒரு வார்த்தை மாறியது, கீரை மாட்டுக்குப் போனது

போன தீபாவளி சமயம். எங்கள் குழுவின் காய்கறிக் கூடை வழக்கமாகச் சனிக்கிழமைதான் டவுனுக்குப் போகும். பண்டிகைக்காக வெள்ளியன்றே கொடுத்துவிடலாம் என்று வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினோம். வாய்வழியாகக் கேள்விப்பட்ட நாலைந்து பேர்தான் வந்தார்கள். அறுத்த கீரை மாட்டுக்குப் போச்சு. மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தால், ஒரு செய்திகூடப் போய்ச் சேரவில்லை! 'சனிக்கிழமை' இருந்த இடத்தில் 'வெள்ளிக்கிழமை' என்று போட்டதுதான் குற்றம்.

தொல்லைச் செய்திகளைத் தடுக்க டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிமுறை இது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர் பான் எண் முதலிய ஆவணங்களோடு தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் பதிய வேண்டும். பிறகு ஆறெழுத்தில் ஒரு பெயர் வாங்க வேண்டும். அனுப்பப்போகும் ஒவ்வொரு செய்தியின் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். எது மாறும் என்பதை அப்போதே குறித்துத் தர வேண்டும். வாசகம் பொருந்தாவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். கிழமையை மாறும் இடமாகக் குறிக்காதது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பெரிய வங்கிகளே இதில் தடுக்கி விழுந்தன. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பு அமலானதும் ஓடிபி வராமல் ஜனங்கள் தவித்தார்கள். மறுநாளே டிராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது. வங்கிக்கு ஏழு நாள் கிடைத்தது. கீரைக்கு யார் கொடுப்பார்?

தமிழில் அனுப்புவதற்குத் தனி இடைஞ்சல். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70தான். அதிலும் 'கீ' என்பதே இரண்டாகக் கணக்காகும். நாலு வரி எழுதினால் இரண்டு, மூன்று செய்திக்கான காசு. 2024 அக்டோபரிலிருந்து செய்தியில் லிங்க் இருந்தால் அதையும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பதிவே இல்லாத சின்னக் குழுக்களுக்கு இந்த வாசல் திறக்காது. சரி, சொந்த போனிலிருந்தே அனுப்பலாமே என்றால், 2025 திருத்தப்படி பத்து நாளில் ஐந்து புகார் போதும், நடவடிக்கை வரும். முதல் தடவையே 15 நாள் வெளியழைப்பு நிறுத்தம்.

அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் குழுவில் ஒரு அம்மா, பிஎம் கிசான் பணம் என்று வந்த லிங்க்கை அமுக்கப் போனார்கள், பக்கத்தில் நான் இருந்ததால் தப்பியது. அது வந்தது சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து. வங்கியோ அரசோ அப்படி அனுப்பாது. இப்போது அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ஒரு எழுத்து வரும்: 'ஜி' என்றால் அரசு, 'பி' என்றால் விளம்பரம், 'டி' பணப் பரிவர்த்தனை, 'எஸ்' சேவை. பேரப்பிள்ளைகளிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். தொல்லை வந்தால் ஏழு நாளுக்குள் 1909-க்குப் புகார் செய்யலாம்.

நாங்கள் இப்போது கிழமை, நேரம், இடம் மூன்றையும் மாறும் இடமாக வைத்துப் புது வாசகம் பதிந்திருக்கிறோம். அனுப்பியதும் பத்து நிமிடத்தில் ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவார். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நானே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.