நெற்களத்துக்கு எந்த சிமெண்டு?

நெற்களமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டும் உழவர்கள் சிமெண்டின் விலையை மட்டுமே பார்ப்பது வழக்கம். அது எப்படித் தயாராகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சூளையில் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சுடப்படுகின்றன. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையில் எரியும் நிலக்கரியின் வாயு இதற்கு மேல். இது வானில் சேர்ந்து வெப்பத்தைக் கூட்டுவதால் மழை தவறுவதும் ஒரேயடியாகக் கொட்டுவதும் அதிகமாகின்றன. உலகில் சீனாவுக்கு அடுத்தபடி அதிக சிமெண்டு தயாரிப்பது இந்தியா.

இதைக் குறைக்க வழி உண்டு. அனல் மின் நிலையச் சாம்பலை 15 முதல் 35 சதம் வரை கலந்த சிமெண்டு, பி.பி.சி. என்ற பெயரில் கிடைக்கிறது. சாம்பல் சேரும் அளவுக்குச் சுட்ட கல்லின் தேவை குறைகிறது. இது மெதுவாகவே இறுகும். நாளடைவில் நல்ல உறுதி பெறும். ஆகவே களம் போட்ட மறுநாளே ஓரத்தில் மண் வரப்பு கட்டி நீர் தேக்க வேண்டும். குறைந்தது 10 நாட்களும், கடும் கோடையில் 14 நாட்களும் ஈரம் காயவிடக் கூடாது. இதில் தவறினால் களம் வெடித்து, நெல்மணிகள் பிளவில் சிக்கி வீணாகும்.