டீசல் பிக்கப் வண்டி: மைலேஜ் எங்கே போகிறது?

பிக்கப் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு மைலேஜ் என்பது வீட்டுக் கணக்கு. நாளைக்கு 270 கி.மீ. ஓடுகிற வண்டி லிட்டருக்கு 13 கொடுத்தால் 20.8 லிட்டர் டீசல் போதும். அதே வண்டி 10 கொடுத்தால் 27 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 570 ரூபாய் வித்தியாசம். மாதம் 25 நாள் ஓடினால் 14,000 ரூபாய்க்கு மேல். வண்டித் தவணையில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

என் சித்தப்பா மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறான். 2018-ல் வந்த பி.எஸ்.4 வண்டி, டர்போ, காமன் ரெயில் இன்ஜின். 13 கொடுத்துக்கொண்டிருந்தது 10-க்கு இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லி ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்களாம். "மாத்திடவாண்ணே?" என்று போன் செய்தான். இன்ஜெக்டர்தான் என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டேன். "மைலேஜ் குறைஞ்சா இன்ஜெக்டர்தானாம்."

சாஃப்ட்வேரில் இப்படி யாராவது சொன்னால் லாக் எங்கே என்று கேட்போம். இங்கேயும் அதேதான். முதலில் 10 என்பது உண்மையான 10-ஆ என்று பார்க்க வேண்டும்.

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. இதில் ஒரு சிக்கல்: டீசல் நுரைக்கும். நுரை ஏறினால் பம்ப் முன்னதாகவே நின்றுவிடும். ஒரு தடவை ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆவது சாதாரணம். 40 லிட்டரில் ஒரு லிட்டர் என்றால் 2.5 சதவீதப் பிழை. ஆனால் ஐந்து தடவை நிரப்பிய மொத்த லிட்டரையும் மொத்தத் தூரத்தையும் எடுத்துக்கொண்டால், நடுவில் நடந்த ஏற்ற இறக்கம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் வந்த பிழை மட்டும்தான் மிஞ்சும். 200 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் அரை சதவீதம். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக மைலேஜ் போட்டு அதற்குச் சராசரி எடுப்பதைவிட இது நம்பகமானது. முதலுக்கும் கடைசிக்கும் ஒரே பங்க், ஒரே பம்ப் என்றால் இன்னும் நல்லது.

தூரத்தையும் சந்தேகப்பட வேண்டும். டயர் மாற்றும்போது கொஞ்சம் பெரிய அளவு போட்டால், சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிகத் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. சுற்றளவு 3 சதவீதம் கூடினால் மைலேஜ் 3 சதவீதம் குறைந்த மாதிரி கணக்கில் வரும். டீசல் ஒரு சொட்டுகூட வீணாகியிருக்காது. ஜி.பி.எஸ்-ஐயும் மீட்டரையும் ஐம்பது கி.மீ.க்கு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தம்பி வண்டியில் டயர் பழைய அளவுதான். ஐந்து நிரப்பலுக்குப் பிறகு கணக்கு 10.3 என்று வந்தது. குறைவு உண்மைதான்.

சரி, அந்த டீசல் எங்கே போகிறது? ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் போனது போக, சக்கரத்துக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 10 மெகாஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, வண்டியை 1,000 நியூட்டன் விசையோடு தள்ள வேண்டியிருந்தால் ஒரு லிட்டரில் 10 கி.மீ. போகலாம். 1,000 நியூட்டன் என்பது நூறு கிலோ மூட்டையைத் தூக்கும் விசை. இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சரக்கோடு 3 டன் வண்டி. டயர் உருளுவதற்கான எதிர்ப்பு சுமார் 300 நியூட்டன். இது வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்பு அப்படியில்லை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கூண்டு கட்டி, கிரேட்டுகளுக்கு மேல் தார்ப்பாய் போட்ட வண்டிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது தோராயமாக 400 நியூட்டன், 80-ல் 700. ஆக 60-ல் போனால் மொத்தம் 700 நியூட்டன், லிட்டருக்கு 14 கி.மீ. 80-ல் போனால் 1,000 நியூட்டன், லிட்டருக்கு 10. எதுவும் பழுதாகாமல், கால் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தாலே 14 என்பது 10 ஆகிவிடும். இதெல்லாம் சமதளத்தில் சீரான வேகத்துக்கு; ஊருக்குள் நின்று நின்று போனால் இன்னும் குறையும்.

எவ்வளவு குறையும்? 3 டன் வண்டி 60-ல் வரும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.42 மெகாஜூல். பிரேக் அடித்து நிறுத்தினால் அத்தனையும் டிரம்மில் சூடாகப் போகிறது. மறுபடி 60-க்கு வர 40 மில்லிக்கு மேல் டீசல் வேண்டும். 4 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. முன்னால் போகிற பஸ் நிறுத்தத்தில் நிற்கப் போகிறது என்று தெரிந்தும் கடைசி வரை முடுக்கிவிட்டு அடிக்கிற ஒவ்வொரு பிரேக்குக்கும் இதுதான் விலை.

இந்தப் பாதைக்கே உரிய இன்னொரு விஷயம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பற்றி உடுமலை, பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிற்கும் காற்றாலைகளே சாட்சி. எதிர்க்காற்று 20 கி.மீ. வேகத்தில் அடித்தால், மீட்டரில் 60 காட்டினாலும் வண்டி 80-ல் போகிற எதிர்ப்பைத்தான் சந்திக்கும். வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, சரியாகிவிடாதா? ஆகாது. வர்க்கக் கணக்கு என்பதால் 80-ன் வர்க்கத்தையும் 40-ன் வர்க்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4,000 வரும். காற்றே இல்லாத நாளில் அது 3,600. போகும்போது இழந்ததை வரும்போது முழுசாகத் திருப்பித் தராது. போதாததற்குச் சரக்கோடு போவதும் எதிர்க்காற்றில்தான். அதனால் தை மாத மைலேஜையும் ஆடி மாத மைலேஜையும் பக்கத்தில் வைத்து "வண்டி கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டக்கூடாது. எங்கள் கணக்கை மாசி மாதத்தில் எடுத்ததால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, சத்தம் போடாமல் டீசல் குடிக்கிற சின்னச் சின்ன உராய்வுகள். பின் சக்கர டிரம் பிரேக் லேசாக உரசிக்கொண்டே ஓடுகிறது என்று வையுங்கள். ஏழு கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை, அதாவது 70 நியூட்டன். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 700 என்பது 770 ஆகிறது, 14 கி.மீ. என்பது 13 ஆகிறது. கண்டுபிடிக்கச் செலவு கிடையாது: அதிகம் பிரேக் போடாமல் பத்து கி.மீ. ஓட்டி, மெதுவாக நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அதுதான் ஆள். தம்பி வண்டியில் இடது பின் சக்கரம் அப்படி இருந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகிப்போய், விட்ட பிறகும் முழுசாக விலகவில்லை. டயர் காற்றும் இதே கணக்கில்தான் வரும். காற்று குறைந்து உருளல் எதிர்ப்பு 20 சதவீதம் ஏறினால் 60 நியூட்டன் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு. சரக்கோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு என்று கம்பெனி கொடுத்த பட்டியலில் இருக்கும். பஞ்சர் கடைக்காரர் கண்ணாலேயே பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம்.

இனி இன்ஜின். எல்லோரும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன்.

பெட்ரோல் இன்ஜினில் காற்றை அடைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். டீசலில் காற்று தாராளமாக வரும், எவ்வளவு டீசல் தெளிக்கிறோம் என்பதுதான் கட்டுப்பாடு. அதனால் காற்று குறைந்தால் டீசல் முழுசாக எரியாமல் கரும்புகையாகப் போகும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு விரிசல் இருந்தால் போதும், அழுத்திய காற்று வெளியே போய்விடும். இழுவை குறையும், டிரைவர் இன்னும் அழுத்துவார், மைலேஜ் விழும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் அங்கே கசிவைச் சந்தேகிக்கலாம். இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றாலும் இதே புகை வரும். தம்பி வண்டியில் கரும்புகை இல்லை. ஏர் ஃபில்டரும் சுத்தம்.

பிறகு ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு சின்ன ப்ளூடூத் ரீடரை மாட்டி, போனில் பார்த்தபடி கூடப் போனேன். கூலண்ட் வெப்பநிலை பழனி தாண்டியும் 62 டிகிரி. திரும்பிக் காலியாக வரும்போது 56. ஓடிச் சூடான இன்ஜினில் 80-க்கு மேல் இருக்க வேண்டிய எண் இது.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு மெழுகு வால்வு. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும். 80 டிகிரிக்கு மேல் மெழுகு உருகி விரிந்து வழிவிடும். கழற்றிப் பார்த்தால் அந்த இடம் காலி! போன கோடையில் பொள்ளாச்சிப் பக்கம் வண்டி கொதித்து நின்றபோது ஒரு மெக்கானிக் எடுத்துவிட்டாராம். மைலேஜ் இறங்கியதும் அதன் பிறகுதான். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வழக்கமாகப் போகிற ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க?" என்றார் அங்கே இருந்தவர்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரில் உப்பு படிந்து, தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே இறுகி, ஹெட் கேஸ்கெட் போன வண்டிகளை நிறையப் பார்த்தவர். அவருக்குச் சூடுதான் எதிரி. ஆனால் டீசல் இன்ஜினுக்குச் சூடு வேண்டும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால், பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் அந்தச் சுவர் வழியே தண்ணீருக்குப் போய்விடும். ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வும் அதிகம். இ.சி.யு.வோ, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து டீசல் தெளிக்கும் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே ஓட்டும். நாள் முழுக்க மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்த மாதிரியே வண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுமை என்னவென்றால், இதற்கு வெளியில் எந்த அறிகுறியும் கிடையாது. முள் மேலே போனால் பயப்படுவோம். கீழே நின்றால் "வண்டி கூலா ஓடுது" என்று சந்தோஷப்படுவோம். இன்னொன்று, பல இன்ஜின்களில் இந்த வால்வேதான் பைபாஸ் வழியையும் அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். மேடு ஏறும்போது, எதற்குப் பயந்து எடுத்தார்களோ அதுவே நடக்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இது இன்னும் மோசம். அவற்றின் டி.பி.எஃப். வடிகட்டி, சேர்ந்த கரியை எரிப்பதற்காக அவ்வப்போது கூடுதல் டீசல் தெளித்து 600 டிகிரி அளவுக்குச் சூடேறும். இன்ஜின் சூடாகாமலோ, சின்னச் சின்ன ட்ரிப்பாக மட்டுமே ஓடினாலோ அந்த வேலை பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். ஒவ்வொரு தடவையும் டீசல் போகும். அதில் கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அதைக் கவனியுங்கள்.

புது தெர்மோஸ்டாட் போட்டு, ரேடியேட்டரைக் கழுவி, கூலண்ட் ஊற்றினோம். சில ஆயிரங்களில் முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிரப்பல் என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு 11.1. ஹேண்ட்பிரேக் கேபிளும் டயர் காற்றும் சரிசெய்த பிறகு 11.8. வேகத்தை 75-லிருந்து 65-க்குக் குறைத்ததும் 12.7. இன்ஜெக்டரையும் சும்மா விடவில்லை. ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு பாட்டிலை மாட்டி, சில நிமிடம் ஓடவிட்டு, திரும்பி வரும் டீசலை அளக்கிற சோதனை உண்டு. ஒன்றில் மட்டும் ரொம்ப அதிகமாக வந்தால் அது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மாற்றவில்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது பற்றியும் கேட்டான். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த இன்ஜின்களில் டீசல் தெளிப்பு நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்கென்றே டீசல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களுக்கு பிரேக்குக்கான வேக்கம் போய்விடும், மூன்று டன் வண்டியில். ஃப்யூல் லைனில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை இவற்றுக்கெல்லாம் செலவழிக்க வேண்டாம். இம்மாதிரி சாதனங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேல் ஆராய்ந்தது. பயன் தெரிந்தவை மிகச் சிலவே.

மிச்சமிருப்பது கூண்டு. உயரத்தைக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு குறையும், 13-ஐத் தாண்டவும் செய்யலாம். ஆனால் மேல் வரிசை கிரேட்டுகளை ஏற்ற முடியாது. அப்புறம் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று பார்ப்பதைவிட, ஒரு கிரேட் தக்காளி பாலக்காடு போய்ச் சேர எத்தனை மில்லி டீசல் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் உயரமான கூண்டுதான் ஜெயிக்கிறது. கூண்டு அப்படியே இருக்கிறது. தார்ப்பாயை மட்டும் படபடக்காதபடி இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.