போகலாம், ஆனால் போக முடியாது!
கூடைப்பந்து வீரர்களின் விசித்திர ஒப்பந்தம்

2012-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் நியூயார்க் நகரம் முழுவதும் ஒரே பேச்சு: ஜெரமி லின்!

யார் இந்த லின்? ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்த 23 வயது வாலிபர். கூடைப்பந்து ஆட்டக்காரர். ஏற்கெனவே இரண்டு அணிகள் அவரை "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டன. அவற்றில் ஒன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸ். தங்க வீடு இல்லாமல், அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துத் தூங்கினார்.

நியூயார்க் நிக்ஸ் அணி, ஆள் இல்லாத குறைக்கு அவரை ஆடவிட்டது. அவ்வளவுதான்! அடுத்தடுத்து வெற்றி. லேக்கர்ஸ் அணியுடன் நடந்த ஒரே ஆட்டத்தில் 38 புள்ளிகள்!

கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. இனி இஷ்டம்போல் வேறு அணிக்குப் போகலாமா?

அதுதான் இல்லை!

அரை விடுதலை

ஒரு காலத்தில், ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் பழைய அணிக்கே சொந்தம். ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற பெரிய வீரர் 1970-ல் கோர்ட்டுக்குப் போனார். 1976-ல் சமரசம் ஏற்பட்டது. விலங்கு கழன்றது. ஆனால் இளம் வீரர்களுக்கு அரைகுறையாகத்தான்!

பழைய அணி ஓராண்டுச் சம்பளத்தைக் குறித்து, "வருகிறாயா?" என்று முறைப்படி கேட்டுவிட்டால் போதும்; முதல் உரிமை அதற்குத்தான். நிலம் விற்கும்போது பங்காளியைக் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீரர் வெளியே போய் விலை பேசலாம். கையெழுத்தும் போடலாம். ஆனால் பழைய அணி, "அதே பணத்தை நாங்கள் தருகிறோம்" என்றால் அவர் அங்கேயே இருக்க வேண்டும். மறுபேச்சு கிடையாது!

2022-ல் டியாண்ட்ரே எய்ட்டனுக்கு இண்டியானா அணி 4 ஆண்டுக்கு 13 கோடியே 30 லட்சம் டாலர் தர முன்வந்தது. பழைய அணியான பீனிக்ஸ் அன்றே அதை ஈடுகட்டிவிட்டது. இண்டியானாவுக்கு மிச்சம் ஏமாற்றம்தான். இதனாலேயே பல அணிகள் இத்தகைய வீரர்களிடம் பேசவே தயங்குகின்றன. பாவம், வீரருக்கு விலை ஏறுவதில்லை!

ஹூஸ்டன் செய்த தந்திரம்

லின்னை முன்பு அனுப்பிவிட்ட அதே ஹூஸ்டன், இப்போது அவரைக் கேட்டு வந்தது! 3 ஆண்டுக்குச் சுமார் 2½ கோடி டாலர். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம்தான். மூன்றாம் ஆண்டிலோ ஒரேயடியாக 1½ கோடி!

ஏன் இப்படி? அணியின் மொத்தச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் அபராத வரி உண்டு. நியூயார்க்கில் ஏற்கெனவே பெருஞ் சம்பளக்காரர்கள் இருந்தனர். மூன்றாம் ஆண்டில் வரி கழுத்தை நெரிக்கும்!

நியூயார்க்குக்கு மூன்று நாள் கெடு. ரசிகர்கள் தவித்தனர். ஜூலை 17-ந் தேதி அணி கையை விரித்தது. லின் ஹூஸ்டனுக்குப் போனார்.

அந்த 1½ கோடியை ஹூஸ்டனாவது கொடுத்ததா? அதுவும் இல்லை! மூன்றாம் ஆண்டு தொடங்குமுன், 2014-ல், லின்னை லேக்கர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. சம்பளச் சுமையை ஏற்றுக்கொண்டதற்காக, புதுமுக வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தன் உரிமையையும் கூடவே கொடுத்தது!